டிராக்டர் ஓட்டுபவரின் தலைவலியும் அசதியும்: புகை மட்டும்தான் காரணமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தம் தந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தந்தைக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சொந்தமாக வைத்திருக்கும் பழைய டிராக்டரில் தம் நிலத்தையும் உழுகிறார், வாடகைக்கும் ஓட்டுகிறார். சேற்றுழவுக் காலத்தில் வண்டியில் ஏறிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கிவிடுகிறது. இரவில் சாப்பாடு இறங்குவதில்லை. மறுநாள் எழும்போதும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையில் நாட்கள் ஓடுகின்றன. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 98 என்று வந்ததால் புகையால் பாதிப்பில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இது டீசல் புகையின் வேலையா, வேறு நோயா, அல்லது வெறும் உழைப்பின் களைப்பா என்பது அவருடைய கேள்வி. வேளாண் பொறியியல் படித்து, பண்ணை இயந்திரங்களைப் பாதுகாப்பாக இயக்குவது பற்றி விவசாயிகளுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். மருத்துவம் சார்ந்த இடங்களில் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

தம்பி, முதலில் அந்த 98-ஐ ஒதுக்கி வைத்துவிடுங்கள். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலின் ஊடாக ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்தை வைத்து ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஏறிக்கொள்ளும். அப்படி அது ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைப் போலவே நல்ல சிவப்பாக இருப்பதால், சாதாரணக் கருவியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அந்த வாயுவால் மயங்கிக் கிடப்பவருக்கும் அது 98 என்று காட்டக்கூடும். இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வதால், காற்றில் சிறிதளவே இருந்தாலும் மணிக்கணக்கில் சுவாசிக்கும்போது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். நல்ல காற்றுக்கு வந்த பிறகு அது பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். ஆகவே மாலையில் தலைவலியோடு வீடு திரும்பியவர் மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரத்தம் கொடுத்தால் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். அறிக்கையும் குறையில்லை என்றே வரும். வலி இருக்கும்போதே மருத்துவமனைக்குச் சென்று, கார்பாக்சிஹீமோகுளோபின் (இந்த வாயு ஏறிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எடுக்கும் பரிசோதனைக்குத்தான் பொருள் உண்டு. பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகைபிடிப்பவரின் இரத்தத்தில் இந்த வாயு எப்போதுமே ஓரளவு இருக்கும்.

இப்படிச் சொல்வதால் உங்கள் தந்தைக்கு நச்சு ஏறியிருக்கிறது என்று பொருளல்ல. டீசல் எஞ்சின் எரிபொருளின் தேவைக்கு மேற்பட்ட காற்றை இழுத்துக்கொண்டு எரிவதால், நல்ல நிலையில் உள்ள ஒரு டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். காற்று வீசும் திறந்த வயலில் அது உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சேர்வது அரிது. ஆனால் டீசல் புகையில் அது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற ஆல்டிஹைடுகள், மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் டைஆக்சைடு, நுரையீரலின் அடிவரை சென்று தங்கும் நுண்ணிய கரித்துகள் ஆகியவை சேர்ந்துதான் தலைபாரம், குமட்டல், கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு எல்லாவற்றையும் உண்டாக்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டு டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. எனவே இன்றைய தலைவலியைத் தாண்டியும் இந்தப் புகையைக் குறைக்கக் காரணம் உண்டு.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்ட டீசல்தான் விற்கப்படுகிறது. அதனால் பழைய காலத்துக் கந்தக நெடி பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் எண்ணெய் சுத்தமானதால் எஞ்சினும் சுத்தமாகிவிடாது. டிராக்டர்களுக்கான கடுமையான புகை விதிகள் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கே 2023-இல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் வீட்டில் நிற்பது போன்ற பழைய வண்டியின் புகை எவ்வளவு என்பது பெரும்பாலும் அதன் பராமரிப்பையே பொறுத்தது. என் அனுபவத்தில் ஓட்டுநருக்குத் தலைவலி என்றால் எல்லோரும் ஓட்டுநரைத்தான் பரிசோதிக்கிறார்கள். வண்டியை யாரும் பரிசோதிப்பதில்லை. நீங்கள் வண்டியிலிருந்து தொடங்குங்கள்.

சேற்றுழவில் மட்டும் வலி வருகிறது, சாலையில் டிரெய்லர் இழுக்கும்போது வருவதில்லை என்றால் அதற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. சேற்றில் ரோட்டவேட்டரும் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கலக்கும் கருவி) கேஜ் வீலும் (சேற்றுக்கான இரும்புப் பட்டைச் சக்கரம்) மாட்டிய வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. அதே நேரத்தில் எஞ்சின் ஏறக்குறைய முழுப் பளுவில் உறுமிக்கொண்டிருக்கிறது. புகை அதிகம், வண்டியின் வேகத்தால் கிடைக்கும் காற்று குறைவு. அப்போது புகை எங்கே போகும் என்பதை வயற்காற்றுதான் முடிவு செய்கிறது. குறுவைப் பட்டத்து உழவு நடக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் பக்கம் மேல்காற்று அடிக்கிறது. பானட்டை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் உள்ள வண்டி மேற்கு நோக்கிப் போகும் ஒவ்வொரு முறையும் புகை நேராக ஓட்டுநரின் முகத்துக்கு வரும். கிழக்கு நோக்கித் திரும்பியதும் முன்னால் போய்விடும். சைலன்சர் வண்டிக்கு அடியில் போய்ப் பின்பக்கம் புகை விடும் அமைப்பாக இருந்தால் இது தலைகீழாகும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதும் இந்தத் திசைக் கணக்கும் மாறும். எனவே வயலின் நீளவாக்கு இடம் கொடுத்தால், காற்று பக்கவாட்டில் குறுக்கே போகும்படி தென்வடலாக உழுவதே நல்லது. நான்கைந்து மா (ஒரு மா ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அளவுள்ள சிறிய வயல்களில் இது எப்போதும் இயலாது. இயலும் இடங்களில் எந்தச் செலவும் இல்லாமல் புகையின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். மேலே தாழ்வான கூரை போட்டிருந்தால் அதையும் பாருங்கள். வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய் முன்பக்கமும் பக்கவாட்டிலும் இறங்கியிருந்தால், முகத்துக்கு வந்த புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும்.

அடுத்தது புகையின் நிறம். எஞ்சின் சூடேறிய பிறகும், பளு ஏறாத நேரத்திலும் கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று பொருள். மிகச் சாதாரணமான காரணம் ஏர் கிளீனர். கோடை உழவின் புழுதியும், வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் தூசும் பட்ட வண்டியை அப்படியே குறுவைச் சேற்றில் இறக்கினால், அடைபட்ட மூக்கோடு ஓடச் சொல்வது போலாகும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகை ஏர் கிளீனரில் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால், அடியில் களிம்பு போல் மண் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அதைக் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். புழுதி வேலையில் இதை நாள்தோறும் பார்ப்பதே முறை. அதற்கு அடுத்த காரணம் நாசில். டீசலைப் பனி போலத் தூவ வேண்டிய நாசில் தேய்ந்து சொட்டு விட ஆரம்பித்தால் கரும்புகை நிற்காது. டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்தால் அதை அதற்கான கருவியில் ஏற்றித் தூவலைச் சரிபார்த்துத் தருவார்கள். மூன்றாவது, வண்டியின் குறையே அல்ல, பளு. மணிக் கணக்கில் வாடகை என்றால் நிலத்துக்காரர் அவசரப்படுத்துவார். மா கணக்கில் என்றால் ஓட்டுபவரே அவசரப்படுவார். இரண்டிலும் ஒரு கியர் கூட்டிப் போட்டு, எஞ்சின் திணறத் திணற ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. திணறும் எஞ்சின் கக்கும் கரும்புகையில் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான் எரியாமல் போகிறது. கார்பன் மோனாக்சைடும் அப்போதுதான் ஏறுகிறது.

நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசி ஓடும் லைனரும் தேய்ந்திருக்கலாம். இந்த நிலையில் பலரும் கவனிக்காத ஒரு வழியாகப் புகை ஓட்டுநரை அடைகிறது. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிவாயு, எஞ்சினின் பக்கவாட்டில் உள்ள பிரீத்தர் குழாய் வழியாக எண்ணெய் ஆவியோடு வெளியேறும். அந்தக் குழாய் பெரும்பாலும் ஓட்டுநரின் காலுக்கு முன்னால், தரையை நோக்கி இருக்கும். சைலன்சர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இந்தப் புகை கீழிருந்து நேராக மூக்குக்கு வரும். எஞ்சின் ஓடும்போது பிரீத்தர் முனையில் புகை விட்டு விட்டுக் குபுகுபுவென்று வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளைப்புகை குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் வருவது இயல்பு; சூடேறியும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சைலன்சர் வாயைத் தவிர வேறெங்கும் புகை கசியக் கூடாது. இதைப் பார்க்க எஞ்சின் முழுவதும் ஆறிய காலை நேரமே சரி. பானட்டைத் திறந்து, எஞ்சினும், அதன் புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் சேரும் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் விட்டுப்போன இடத்தில் இரும்பின் மேல் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருக்கும். துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டினால் அதே இடத்தில் மீண்டும் படியும். சைலன்சர் குழாய் சேரும் இடத்திலும், துருப்பிடித்த அடிப்பகுதியிலும் இதே போல் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கையை அருகே கொண்டுபோய்ச் சோதிப்பது வேண்டாம், தீக்காயம் நிச்சயம். இந்தக் கசிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரேடியேட்டர் ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுத்து எஞ்சின் மேல் தள்ளி, அப்படியே ஓட்டுநரின் மேல் கொண்டுவந்து விடுகிறது. மேனிஃபோல்டில் கசியும் புகை கலையாமல் அந்தச் சூடான காற்றோடு சேர்ந்து நேரே நெஞ்சுக்கும் முகத்துக்கும் வரும். சைலன்சரை ஓட்டுநரின் தலைக்கு மேல் உயர்த்திக்கொள்வது பயன் தரும். ஆனால் குழாயின் குறுக்களவைக் குறைத்துவிடக் கூடாது, வயலின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளையும் மனத்தில் வைத்தே உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மூக்கையும் வாயையும் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வதை எல்லோரும் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். துண்டு பெரிய புழுதியைத் தடுக்கும். கரித்துகளையும் வாயுக்களையும் தடுக்காது. நன்றாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் கரித்துகளைப் பெருமளவு வடிகட்டும், ஆனால் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் டைஆக்சைடையும் அதுவும் தடுக்காது. ஜூன் மாத வெக்கையில் அதை மணிக்கணக்கில் அணிவதும் எளிதல்ல. புகையை உண்டாகும் இடத்தில் குறைப்பதற்கு ஈடாக முகத்தில் கட்டும் எதுவும் இல்லை.

இதுவரை புகையைப் பற்றியே எழுதினேன். ஆனால் நீங்கள் விவரித்த அசதியில், குறிப்பாக இரவில் சாப்பாடு இறங்காமல் மறுநாளும் நீடிக்கும் சோர்வில், வெப்பத்துக்கும் நீரிழப்புக்கும் புகைக்குச் சமமான பங்கு இருக்கும் என்றே நான் கருதுகிறேன். மேலே வெயில், முன்னால் ரேடியேட்டரின் அனல், காலடியில் கொதிக்கும் கியர் பெட்டி, சுற்றிலும் வெயில் பட்டு ஆவி விடும் சேற்றுநீர். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் இடத்தில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உப்பையும் நீரையும் மட்டும் கொண்டுபோய்விடும். நண்பகலுக்கு மேல் தலை விண்ணென்று தெறிப்பது, சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைவாகப் போவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது ஆகியவை வெப்பத்தின் அடையாளங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு முடிய வேண்டும் என்பதால், பல வாரம் வேலை இல்லாமல் இருந்த உடம்பு ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேர அனலுக்குத் தள்ளப்படுகிறது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பட்டத்தின் முதல் சில நாட்களிலாவது நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வண்டியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் தொடங்குவது உடம்புக்குச் செய்யும் பெரிய உதவி.

தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிட, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிப்பதே வேலை செய்யும் உடம்புக்குப் பொருந்தும். வண்டியின் டூல் பாக்ஸில் கிடக்கும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வெந்நீராகிவிடுகிறது. யாருக்கும் அதைக் குடிக்கத் தோன்றாது. ஈரச்சாக்கு சுற்றிய பாத்திரத்தை வரப்பில் நிழலில் வைத்து, உழவு திரும்பும் இடத்தில் எட்டி எடுக்கும்படி செய்துகொடுங்கள். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பத்து மணிக்கு மோர் என்ற நம் பழைய வழக்கத்தைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அதிகமாக வியர்க்கும் நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கலந்து வைத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். காலையிலிருந்து வெறும் வயிற்றில் டீ மட்டும் குடித்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் தலைவலியை வரவழைக்க அதுவே போதும்.

ஒலியை யாரும் நோயின் காரணமாக எண்ணுவதில்லை. கேபின் இல்லாத டிராக்டர் பளுவில் ஓடும்போது ஓட்டுநரின் காதருகே ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி என்பது தொழில்சார் உடல்நலத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 91 டெசிபலில் இரண்டு மணி நேரமும், 94 டெசிபலில் ஒரு மணி நேரமுமே தாங்கலாம். நாள் முழுவதும் அந்த இரைச்சலில் இருந்தவருக்கு மாலையில் காதில் ரீங்காரம் கேட்பதும், பேச்சுக்கொடுத்தால் எரிச்சல் வருவதும், தலை கனப்பதும் இயல்பே. சைலன்சர் உள்ளே துருப்பிடித்து உடைந்திருந்தால் இரைச்சல் இன்னும் கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் மிகக் குறைந்த விலைதான். அதை விரலால் உருட்டி மெலிதாக்கிக் காதுக்குள் செருகி, விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். வெறும் பஞ்சு போதாது. பாட்டுக் கேட்க மாட்டும் கருவியைச் சத்தமாக வைத்துக்கொள்வது இரைச்சலின் மேல் இரைச்சலைச் சேர்ப்பதாகும்.

கழுத்துக்கு வருவோம். ரோட்டவேட்டர் ஓட்டுபவரைச் சிறிது நேரம் வரப்பில் நின்று கவனியுங்கள். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை ஹைட்ராலிக் நெம்புகோலில், உடம்பு முன்னோக்கி, தலை மட்டும் வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பியிருக்கும். ஆழம் சரியா, வரப்போரம் விட்டுப்போகிறதா, வைக்கோல் சுற்றிக்கொள்கிறதா என்று நாள் முழுவதும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் இருக்கை கொடுக்கும் குலுக்கல் முழுவதும் முறுக்கிய முதுகெலும்பின் வழியாகக் கழுத்துக்கு ஏறுகிறது. டிராக்டரின் குலுக்கல் மனித உடம்பு மிக எளிதாக எதிரொலிக்கும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4 முதல் 8 ஆட்டம்) அதிர்வெண்ணை ஒட்டியே அமைந்திருப்பதால், பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் ஆட்டமும் தசைகளைச் சோர்வடையச் செய்கிறது. பிடரியில் தொடங்கி, பின்தலை வழியாக ஒரு பக்கமாக நெற்றிக்கு ஏறும் வலி என்றால் அதற்குப் புகையைவிடக் கழுத்தே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இருக்கையின் பஞ்சு அமுங்கிப் போயிருந்தால் மாற்றுங்கள். ஓட்டுபவரின் எடைக்கேற்பத் திருகும் அமைப்பு இருக்கையில் இருந்தால், துருப்பிடித்து நிற்கும் அதை எண்ணெய் விட்டுச் சரிசெய்யுங்கள். பின்னால் பார்க்க அகலமான கண்ணாடி ஒன்றைப் பொருத்தினால் திரும்பும் தேவை கணிசமாகக் குறையும். கேஜ் வீலோடு கெட்டித் தரையில் வேகமாக ஓட்டுவதும் கூடாது. இரும்புப் பட்டைகளின் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில்தான் விழும்.

கேனிலிருந்து டேங்க்குக்கு டீசல் மாற்றக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் நடக்கிறது. இதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாய்க்குள் போகும் டீசலில் ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரலில் கடும் அழற்சி உண்டாகலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குப் போவதே பெரிய ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கையால் அழுத்தி ஏற்றும் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்வது பெரிய செலவல்ல. டீசல் சிந்திய சட்டையோடு நாள் முழுவதும் ஓட்டுவதும், சூடான எஞ்சின் மேல் நாசிலின் ரிட்டர்ன் குழாய் சொட்டுவதும் ஓயாத நெடிக்கும் தலைச்சுற்றலுக்கும் காரணமாகும்.

திறந்த வயலில் அரிது என்று மேலே சொன்ன உயிராபத்து, மூடிய இடத்தில் அரிது அல்ல. கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டுப் பழுது பார்ப்பது, மழைக்காகக் கதவைச் சாத்திய மோட்டார் கொட்டகையில் டீசல் எஞ்சின் ஓட்டுவது, வீட்டுத் தாழ்வாரத்தில் ஜெனரேட்டர் வைப்பது ஆகியவற்றில் கார்பன் மோனாக்சைடு நிமிடக் கணக்கில் சேரும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஊர் ஊராக ஜெனரேட்டர் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். எஞ்சின் எதுவானாலும் வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளி, புகைவாய் எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். மூடிய இடத்தில் யாரேனும் மயங்கி விழுந்தால் முதலில் கதவைத் திறந்து எஞ்சினை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். ஆக்சிஜன் கொடுக்கும் மருத்துவமனைதான் அங்கே மருந்து.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புகையைவிட அதுவே கவலை தருகிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீர் வற்றிய உடம்பில் நாள்தோறும் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இப்படிப் பழகியவர் திடீரென்று நிறுத்தும்போது சில நாள் வலி கூடுவதும் உண்டு. அதனால் மருத்துவரிடம் சொல்லி அவர் வழிகாட்டுதலில் நிறுத்துவது நல்லது. அதே வருகையில் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கண்பார்வை நான்கையும் பார்த்துவிடுங்கள். இவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கக்கூடிய பரிசோதனைகள். ஐம்பது வயதில் வெள்ளெழுத்தும், தெரியாமலே ஏறிய இரத்த அழுத்தமும் தலைவலியாக வெளிப்படுவது புதிதல்ல. இரவில் பலத்த குறட்டையும், எழுந்ததும் தலைவலியும், பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் டிராக்டர் ஓட்டுபவருக்கு வாய்க்கால் கரையில் ஆபத்தாக முடியும்.

வண்டியோடு தொடர்பில்லாத இரண்டு காரணங்களையும் விட்டுவிடக் கூடாது. ஒன்று பூச்சிமருந்து. அவர் மருந்து அடிக்கவில்லை என்றாலும், பக்கத்து வயலில் பருத்திக்கோ நெல்லுக்கோ தெளித்த நாளில் காற்றுக்குக் கீழே உழுதிருந்தால், தலைவலியோடு அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், வயிற்றைப் பிசைதல், கண்மணி சுருங்குதல் ஆகியவை சேர்ந்து வரலாம். அது உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. மற்றொன்று எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் காலில் வெடிப்போடு இறங்கி வேலை செய்பவர்களுக்கு அது வருகிறது. காய்ச்சல், கடும் தலைவலி, கண் சிவத்தல், கெண்டைக்காலைத் தொட முடியாத வலி என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். டிராக்டரால் வரும் தலைவலியில் காய்ச்சல் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வேலை செய்தவருக்கு உடம்பு அனலாகக் கொதித்துப் பேச்சுத் தடுமாறினால், உடனே நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். இதுவரை வராத கடுமையில் திடீரென்று வெடிக்கும் தலைவலி, ஒரு பக்கம் கைகால் சோர்தல், வாய் கோணல், பார்வை மங்கல், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் பங்குக்கு ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எத்தனை மணிக்கு வண்டியில் ஏறினார், என்ன வேலை, காற்று எந்தப் பக்கம், வலி எத்தனை மணிக்கு எங்கே தொடங்கியது, இறங்கி எவ்வளவு நேரத்தில் குறைந்தது, என்ன குடித்தார், மாத்திரை போட்டாரா. இறங்கி நல்ல காற்றில் சில மணி நேரம் இருந்ததும் தெளிந்தால் புகையின் பக்கம் தேட வேண்டும். நண்பகலுக்குப் பிறகு மட்டுமே வந்து, நீரும் நிழலும் கிடைத்ததும் இறங்கினால் வெப்பத்தின் பக்கம். பிடரியைப் பிடித்து அழுத்தினால் சுகமாக இருக்கிறது என்றால் கழுத்தின் பக்கம். வண்டி ஏறாத நாளிலும் வந்தால் மருத்துவரின் பக்கம். ஏர் கிளீனரையும் மேனிஃபோல்டையும் சரிசெய்வதற்கு முன் ஒரு வாரம், சரிசெய்த பின் ஒரு வாரம் எழுதினால் இன்னும் தெளிவாகும். இயன்றால், உங்கள் வண்டியை ஒரு நாள் வேறொருவர் ஓட்டட்டும், உங்கள் தந்தை அன்று நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டியை ஓட்டட்டும். உங்கள் வண்டியை ஓட்டியவருக்கும் தலை வலித்தால் குற்றம் எங்கே என்பதில் பிறகு ஐயம் இருக்காது. அந்தக் குறிப்புகளோடு, சைலன்சர் எந்தப் பக்கம் இருக்கிறது, புகை என்ன நிறம் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்து எதைக் கழற்றிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.